ஃப்ரீசரில் பனி மண்டினால்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஒற்றைக் கதவு கொண்ட சிறிய ஃப்ரிட்ஜில் ஃப்ரீசர் என்பது தனியானதோர் அறை அன்று. குளிரூட்டும் வாயு ஓடுவதற்கான வாய்க்கால்களைத் தனக்குள்ளேயே கொண்ட மெல்லிய அலுமினியத் தகட்டைப் பெட்டிபோல மடித்து மேல்பகுதியில் பொருத்தியிருப்பார்கள். நாம் ஃப்ரீசர் என்று அழைப்பது அந்தத் தகட்டைத்தான். பனி படிவதும் அதன் மேல்தான். உறைந்து கிடக்கும் பனிக்கும் உள்ளே அழுத்தத்தில் ஓடும் வாயுவுக்கும் இடையில் இருப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உலோகம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லப்போகும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீங்களே ஊகித்துவிடலாம்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். பனியைக் கண்டதும் உருக்கிவிடத்தான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் ஃப்ரிட்ஜில் என்ன கோளாறு என்பதற்கு அந்தப் பனியே முதல் சாட்சி. உருகிய பிறகு சாட்சி சாக்கடையில் போய்விடும். ஆகவே பிளக்கைப் பிடுங்குவதற்கு முன், பனி எந்தப் பக்கத்தில் படிந்திருக்கிறது, எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்கிறதா, சென்ற முறை உருக்கி எத்தனை நாளாயிற்று என்ற மூன்றையும் கவனித்து, கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பனி எல்லாப் பக்கமும் சமமாகப் படிந்திருக்கிறது. கம்ப்ரஸர் முன்பைவிட அதிக நேரம் ஓடுகிறது

இது கோளாறு அன்று. கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே நுழையும் காற்றில் உள்ள ஈரம் தகட்டில் பட்டு உறைகிறது, அவ்வளவுதான். பனியின் கனம் 5 அல்லது 6 மில்லிமீட்டரை எட்டும்போது உருக்கிவிடுவது நல்லது. காற்றை உள்ளடக்கிய வெண்பனி வெப்பத்தை எளிதில் கடத்தாது. தகடு எவ்வளவு குளிர்ந்தாலும் அந்தக் குளிர்ச்சி பெட்டிக்குள் வந்துசேராமல் போர்வையால் மூடியதுபோலத் தடைபடும். கீழ்த்தட்டில் போதிய குளிர்ச்சி இல்லாததைப் பார்த்து நாம் குளிர்ச்சியின் அளவை மாற்றும் தெர்மோஸ்டாட் குமிழை இன்னும் கூட்டி வைப்போம், கம்ப்ரஸர் இன்னும் நீண்ட நேரம் ஓடும், பனியும் இன்னும் தடிக்கும்.

உருக்கும் முறை இது. ஃப்ரிட்ஜில் பொருள்கள் குறைவாக இருக்கும் நாளையும், நீங்கள் வீட்டில் இருக்கப்போகும் நேரத்தையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். உறைந்த பொருள்களை நெருக்கமாக அடுக்கி, ஐஸ் கட்டிகளுடன் வெப்பம் புகாத பெட்டியிலோ, பல அடுக்குத் துணியில் சுற்றிய பாத்திரத்திலோ வைத்து மூடுங்கள். எளிதில் கெடக்கூடிய உணவு அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இந்தக் கணக்கை மனத்தில் கொண்டே வேலையைத் திட்டமிட வேண்டும். வீட்டில் இன்சுலின் இருந்தால் அதற்குத் தனிக் கவனம் தேவை. பயன்படுத்தத் தொடங்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் வைக்க வேண்டும், உறைந்துவிட்டால் பயன்படுத்தவே கூடாது என்பதால், அதை ஐஸ் கட்டியின் மேல் நேராக வைக்காமல் இடையில் துணி மடிப்பு ஒன்றைக் கொடுத்து வையுங்கள்.

அடுத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். தெர்மோஸ்டாட் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்புவதும், அதன் நடுவில் உள்ள டிஃப்ராஸ்ட் பட்டனை அழுத்துவதும் கம்ப்ரஸரை மட்டுமே நிறுத்தும். உள்விளக்கிற்குப் போகும் மின்சாரம் அப்படியே இருக்கும். ஈரக் கையோடு துடைத்து வேலை செய்யப்போகும் இடத்தில் அது வேண்டாத ஆபத்து. பட்டனை அழுத்திவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் பிளக்கைத் தொட வேண்டியதில்லை. கையால் எதையேனும் செய்யப்போகிறவர்கள் அவசியம் பிடுங்கிவிட வேண்டும்.

ஃப்ரீசருக்கு அடியில் உள்ள நீர்த்தட்டு தன் இடத்தில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சில மாடல்களில் அந்தத் தட்டில் விழும் நீர் பின்புறத் துளை வழியாகத் தானாக வெளியேறும். சிலவற்றில் நாம்தான் எடுத்துக் கொட்ட வேண்டும். எதுவாக இருந்தாலும், தரையில் பழைய துணிகளை விரித்து, தட்டை அவ்வப்போது எட்டிப் பாருங்கள். பனி தடிமனாக இருந்தால் ஒரு தட்டு போதாது.

பிறகு வெளிக்கதவு, ஃப்ரீசரின் சிறு கதவு இரண்டையும் திறந்து வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போகலாம். அறையில் உள்ள காற்றின் வெப்பமே மெதுவாக வேலையை முடித்துவிடும். முதலில் பனியின் பளபளப்பு மாறும், பின்னர் ஓரங்கள் தகட்டிலிருந்து விலகும், அதற்குப் பிறகு பெரிய பாளங்களாகத் தானாகவே விழும். விழத் தயாரான பாளம் விரலால் தள்ளினாலே நகரும். நகராத பாளத்தைத் தொடாதீர்கள்.

முழுவதும் உருகியதும், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 2 மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து உட்புறத்தைத் துடைத்தால் வாடையும் போகும். அதன்பின் உலர்ந்த துணியால் ஈரம் ஒட்டாமல் துடையுங்கள். தகட்டில் விட்டுவைத்த ஒவ்வொரு துளியும் அடுத்த ஒரு மணி நேரத்தில் மறுபடி பனியாகி நிற்கும். தகட்டோடு ஒட்டியபடி ஒரு மெல்லிய கம்பி போன்ற குழாய் போவதைப் பார்க்கலாம். அது தெர்மோஸ்டாட்டின் உணர்குழாய்; துடைக்கும்போது அதை இழுக்கவோ வளைக்கவோ கூடாது.

பல மணி நேரமாகியும் பனி இறங்கவில்லை

விபத்துகள் நடப்பது இந்தக் கட்டத்தில்தான். முக்கால் பங்கு உருகி, கால் பங்கு மட்டும் மூலையில் பிடிவாதமாக நிற்கும்போது கை தானாகக் கத்தியைத் தேடும். நானும் ஒருமுறை அப்படித் தேடியவன்தான். கரண்டிக் காம்பால் நெம்பினேன், தகட்டில் ஒரு பள்ளம் விழுந்ததோடு தப்பித்தேன். பள்ளம் இன்னும் கொஞ்சம் ஆழமாக இருந்திருந்தால் முழு ஃப்ரீசர் தகட்டையும் மாற்ற நேர்ந்திருக்கும்.

அவசரம் இருந்தால் வெந்நீர்ப் பாத்திரம்தான் சரியான வழி. ஒரு கிலோ பனிக்கட்டியை நீராக்க ஏறத்தாழ 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 80 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் நீர் பூஜ்யம் வரை குளிரும்போது வெளிவிடுவதும் ஏறக்குறைய அதே அளவுதான். அதாவது, வெப்பம் வீணாகாமல் முழுவதும் பனிக்கே போய்ச் சேருமானால், ஒரு லிட்டர் வெந்நீர் ஒரு கிலோ பனியை உருக்கிவிடும். நடைமுறையில் பாதி வெப்பம் வெளியே போய்விடும் என்று வைத்துக்கொண்டாலும், பாத்திரத்தை இரண்டு மூன்று முறை மாற்றி வைத்தாலே மூலையில் நின்ற பனி கழன்றுவிடும். பாத்திரத்தின் அடியில் மரப்பலகையோ மடித்த துணியோ வைத்து, கொதிக்கும் நீரைத் தவிர்த்து, கை பொறுக்காத அளவு சூடான நீரை மட்டும் பயன்படுத்தி, ஃப்ரீசரின் சிறு கதவைச் சாத்தி வையுங்கள். ஆவி உள்ளேயே நின்று வேலை செய்யும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள்.

மின்விசிறியும் நல்ல துணைதான். உலர்ந்த தரையில் சற்றுத் தள்ளி நிறுத்தி, திறந்த ஃப்ரீசருக்குள் காற்று போகுமாறு திருப்பி வைத்தால் போதும். தரையில் வழியும் நீர் விசிறியின் வயரையோ இணைப்புப் பெட்டியையோ எட்டாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஹேர் டிரையரைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். நீர் சொட்டும் இடத்தில் மின்கருவியைக் கையில் பிடித்திருப்பது ஒரு காரணம்; அதன் சூடு உட்புற பிளாஸ்டிக்கை நெளியச் செய்வதும் விரிசல் விடச் செய்வதும் மற்றொரு காரணம். கொதிநீரை நேராகப் பனியின் மேல் ஊற்றுவதிலும் அதே விரிசல் அபாயம் உண்டு. உப்பைத் தூவினால் பனி உருகும் என்பது உண்மைதான், ஆனால் அந்த உப்புநீர் அலுமினியத்தை அரித்து, மாதங்கள் கழித்து ஊசித்துளை விழச் செய்யும். அப்போது உப்புத் தூவியது யாருக்கும் நினைவில் இருக்காது. மெழுகுவத்தி, ஸ்டவ் போன்ற எந்தத் தீச்சுடரும் ஃப்ரிட்ஜின் அருகில் வரவே கூடாது. அதற்கான காரணம் அடுத்த பகுதியில் இருக்கிறது.

சுரண்டும்போது ‘உஸ்’ என்று சத்தம் வந்தது

தகட்டில் துளை விழுந்துவிட்டது. அண்மைக் காலத்தில் தயாரான சிறிய ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்-600ஏ என்ற ஐசோபியூட்டேன் வாயு இருக்கும். கம்ப்ரஸரின் மேலும் பின்பக்கத் தகட்டிலும் முக்கோணத்துக்குள் தீச்சுடர் வரைந்த எச்சரிக்கைப் படம் ஒட்டியிருந்தால் அதுதான். இது எளிதில் தீப்பற்றும் வாயு. காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோரம் தங்கும். வீட்டு ஃப்ரிட்ஜில் இதன் அளவு சில பத்து கிராம்தான் என்றாலும், மூடிய சிறு சமையலறையில் அலட்சியப்படுத்தத்தக்கது அன்று.

அந்த நொடியில் செய்ய வேண்டியவை இவை: எரிகின்ற அடுப்பு ஏதேனும் இருந்தால் அணையுங்கள். ஜன்னலையும் வெளிக்கதவையும் அகலத் திறங்கள். விளக்கு, விசிறி முதலிய எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஸ்விட்சுக்குள் எழும் சிறு பொறியே போதுமானது. அதே காரணத்தால், முன்பே பிளக்கைப் பிடுங்காமல் விட்டிருந்தால் இப்போது பிடுங்கவும் வேண்டாம். எல்லோரையும் வெளியே அனுப்பி, அறை நன்றாகக் காற்றோட்டம் பெறும்வரை உள்ளே போகாமல் இருங்கள். பழைய ஃப்ரிட்ஜ்களில் உள்ள ஆர்-134ஏ வாயு தீப்பற்றாதது. ஆனாலும் உங்களுடையது எது என்று தெரியாதபோது தீப்பற்றும் வாயு என்றே கொண்டு நடப்பதுதான் அறிவுடைமை.

துளையைப் பசை வைத்து அடைத்து மறுபடி ஓட்டிப் பார்க்காதீர்கள். வாயு போன வழியாகக் காற்றும் ஈரமும் உள்ளே புகுந்திருக்கும். அந்த நிலையில் ஓடும் கம்ப்ரஸரும் கெடும்.

டிஃப்ராஸ்ட் பட்டன் சொன்னபடி கேட்கவில்லை

பட்டனை அழுத்தினால் கம்ப்ரஸர் நின்று, தகடு உறைநிலைக்குச் சில டிகிரி மேலே சூடானதும் பட்டன் தானாக வெளியே வந்து, கம்ப்ரஸர் மறுபடி ஓடத் தொடங்க வேண்டும். அழுத்திய உடனே பட்டன் வெளியே வந்துவிடுகிறது என்றால், தகடு ஏற்கெனவே சூடாகத்தான் இருக்கிறது என்று பொருள். ஃப்ரிட்ஜ் அணைந்து கிடந்ததா என்று முதலில் பாருங்கள்.

பனி முழுவதும் உருகிய பின்னும் பட்டன் உள்ளேயே நிற்குமானால், உணர்குழாயைச் சுற்றிக் கொஞ்சம் பனி இன்னும் ஒளிந்திருக்கலாம். அதுவும் இல்லையென்றால் குமிழை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை திருப்பிப் பாருங்கள். அப்போதும் கம்ப்ரஸர் ஓடவில்லையென்றால் தெர்மோஸ்டாட்டை மாற்ற வேண்டியதுதான். அது விலை குறைந்த பாகம். ஆனால் உணர்குழாயை உள்ளே செலுத்துவது பழகிய கை செய்ய வேண்டிய வேலை.

உருகிய நீர் தரையில் வழிகிறது, அல்லது காய்கறிப் பெட்டிக்கு அடியில் தேங்குகிறது

காய்கறிப் பெட்டிக்கு அடியில் தேங்கினால் பின்சுவரின் கீழ்ப்பகுதியில் உள்ள வடிகால் துளை அடைபட்டிருக்கிறது. கீரை இலை, பாலாடை, காகிதத் துணுக்கு என்று ஏதேனும் ஒன்று அங்கே போய் உட்கார்ந்திருக்கும். வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் குழாயை மென்மையாகச் செலுத்தி, பின்னர் ஊசியில்லாத சிரிஞ்சால் வெதுவெதுப்பான நீரைச் செலுத்துங்கள். கம்பியைப் பயன்படுத்தினால் வடிகுழாய் கிழிந்து, நீர் சுவரின் உட்பக்க நுரைக்குள் இறங்கிவிடும். துளை திறந்ததும் சிறிது நீரை ஊற்றிப் பார்த்தால், அது பின்புறம் கம்ப்ரஸருக்கு மேலிருக்கும் தட்டில் வந்து விழும் ஓசை கேட்கும்.

தரையில் வழிந்தால் முதலில் அந்தப் பின்புறத் தட்டைப் பாருங்கள். சாதாரண நாள்களில் கம்ப்ரஸரின் சூட்டிலேயே அதில் உள்ள நீர் ஆவியாகிவிடும். முழுப் பனியையும் ஒரே நாளில் உருக்கும்போது நிரம்பி வழியத்தான் செய்யும். அது பழுது அன்று. அந்தத் தட்டைக் கழற்ற முடிந்தால் வாரம் ஒருமுறையேனும் கழுவி வையுங்கள், ஏனென்றால் தேங்கிய நீரில் கொசு முட்டையிடும்.

உருக்கி ஒரு வாரத்திலேயே பனி முன்போலத் தடித்துவிட்டது

ஈரக்காற்று எங்கிருந்தோ இடைவிடாமல் உள்ளே வருகிறது. தொடக்கத்தில் எடுத்து வைத்த படம் இங்கே பயன்படும். ஃப்ரீசரின் வாய்ப்பக்கம் மட்டும் அதிகம் தடித்திருந்தால், ஃப்ரீசரின் சிறு கதவு சரியாக மூடவில்லை. அதன் ஸ்பிரிங்கோ கீலோ உடைந்திருக்கும். பலர் அந்தச் சிறு கதவு உடைந்ததும் தூக்கி எறிந்துவிட்டு அப்படியே ஓட்டுகிறார்கள். பனி மண்டுவதற்கு அதைவிட உறுதியான வழி கிடையாது.

எல்லாப் பக்கமும் தடித்திருந்தால் வெளிக்கதவின் ரப்பரைச் சோதியுங்கள். காகிதத் துண்டு ஒன்றைக் கதவுக்கிடையில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். பிடிமானத்தோடு வர வேண்டும். கதவின் நான்கு பக்கத்திலும், குறிப்பாக மூலைகளிலும் கீல் இருக்கும் பக்கத்திலும் இவ்வாறு பார்க்க வேண்டும். காகிதம் தடையின்றி வழுக்கிக்கொண்டு வரும் இடம்தான் காற்று புகும் இடம். ரப்பரை மாற்றுவதற்கு முன், அதன் மடிப்புகளில் உள்ள பிசுக்கைச் சோப்பு நீரால் கழுவிப் பாருங்கள். பாதிக்குப் பாதி அதிலேயே சரியாகிவிடுவதைக் கண்டிருக்கிறேன். ரப்பர் நெளிந்திருந்தால், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சிறிது நேரம் ஒத்தி, இளகியதும் விரலால் இழுத்து வடிவத்துக்குக் கொண்டுவந்து, கதவை மூடிச் சில மணி நேரம் திறக்காமல் வைக்கலாம். கிழிந்த ரப்பருக்கு இது உதவாது.

ரப்பர் நன்றாக இருந்தால் நம் பழக்கத்தைச் சோதிக்க வேண்டும். சூடான உணவை ஆறுவதற்குள் வைப்பது, குழம்பையும் நீர்ப் பாத்திரத்தையும் மூடாமல் வைப்பது, குமிழை எப்போதும் கடைசி எண்ணிலேயே வைத்திருப்பது ஆகிய மூன்றும் பனியை வளர்ப்பவை. ஃப்ரிட்ஜின் முன்கால்களைச் சற்றே உயர்த்தி வைத்தால், பாதி திறந்து விட்ட கதவும் தானாகச் சாய்ந்து மூடிக்கொள்ளும்.

பனி ஒரு மூலையில் மட்டும் கட்டிக்கொள்கிறது. மற்ற இடம் வெறுமையாக இருக்கிறது

இதை உருக்கிப் பயனில்லை. வாயு போதிய அளவு இருந்தால் தகடு முழுவதும் குளிர்ந்து, பனி சமமாகப் படியும். வாயு குறைந்துவிட்டால் அது நுழையும் இடத்திலேயே முழுவதும் ஆவியாகி, அந்த இடம் மட்டும் உறைந்து, மீதித் தகடு சூடாகவே இருக்கும். கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும். கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பின்புதான் வாயு நிரப்ப வேண்டும். கசிவைத் தேடாமல் ‘கேஸ் மட்டும் ஏற்றிவிடுகிறேன்’ என்பவரிடம் வேலையைக் கொடுத்தால், சில மாதங்களில் அவரை மறுபடி கூப்பிட நேரும்.

இதற்கு உறவான இன்னொரு அறிகுறி உண்டு. பனியை உருக்கிப் போட்டால் சில மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பின்னர் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போதே குளிர்ச்சி நின்றுபோகும். அணைத்து வைத்து மறுநாள் போட்டால் மறுபடி சில மணி நேரம் வேலை செய்யும். இங்கே உறைவது குழாய்க்குள் புகுந்த ஈரம். நுண்குழாய் தகட்டுக்குள் திறக்கும் இடத்தில் அது பனித்துளியாகி வழியை அடைக்கிறது, அணைத்தால் உருகி வழிவிடுகிறது. ‘சோக்’ ஆகிவிட்டது என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைப் போன்ற அடைப்பைத்தான். ஃபில்டரை மாற்றி, குழாயை வெற்றிடமாக்கி, புதிதாக வாயு நிரப்பினால்தான் தீரும்.

பனி உருக்கிய பின் ஃப்ரிட்ஜ் ஓடவில்லை, அல்லது ‘டக்’ என்று சத்தமிட்டு நின்றுவிடுகிறது

பிளக்கைப் பிடுங்கி உடனே மறுபடி செருகியிருந்தால் அதுவே காரணம். கம்ப்ரஸரின் இரு பக்க அழுத்தமும் சமமாவதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் ஓட்ட முயன்றால் மோட்டார் திணறி, பாதுகாப்புச் சாதனம் இணைப்பைத் துண்டிக்கும். 5 முதல் 10 நிமிடம் விட்டுப் போடுங்கள். நீரை வடிப்பதற்காக யாரேனும் ஃப்ரிட்ஜைச் சாய்த்திருந்தால், கம்ப்ரஸரின் எண்ணெய் திரும்பி இறங்கச் சில மணி நேரம் நேராக நிறுத்தி வைத்த பிறகே மின் இணைப்புத் தர வேண்டும். விளக்குகூட எரியவில்லையென்றால் சாக்கெட்டையும் ஃப்யூஸையும் பாருங்கள். தெர்மோஸ்டாட் பெட்டிக்குள் நீர் இறங்கியிருப்பதாகச் சந்தேகம் இருந்தால், கதவைத் திறந்து வைத்து ஒரு நாள் முழுக்க உலரவிட்ட பிறகே மின்சாரம் கொடுங்கள்.

ஓடத் தொடங்கிய பின், வெறும் பெட்டியைச் சில மணி நேரம் குளிரவிட்டு, கீழ்த்தட்டு 4 டிகிரிக்கு வந்ததும் உணவை வையுங்கள். வெளியே எடுத்து வைத்த உறைபொருளில் இன்னும் பனித்துகள்கள் மிச்சமிருந்தால் அதை மறுபடி உறைய வைக்கலாம், சுவை மட்டும் சற்றுக் குறையும். முழுவதும் இளகி, தொட்டால் சில்லென்று இல்லாத இறைச்சியையும் மீனையும் திரும்ப உள்ளே வைக்க வேண்டாம்.

‘ஃப்ராஸ்ட் ஃப்ரீ’ என்று எழுதியிருக்கும் ஃப்ரிட்ஜிலும் பனி படிகிறது

அந்த வகையில் குளிர்ச்சித் தகடு பின்சுவருக்குள் மறைந்திருக்கும். அதில் படியும் பனியை ஒரு ஹீட்டர் குறித்த நேரங்களில் தானாக உருக்கும். ஃப்ரீசரின் பின்சுவர் வெளியே தெரியும்படி பனிப்போர்வை போர்த்திக்கொண்டால், ஹீட்டரோ அதை இயக்கும் டைமரோ சென்சாரோ வேலை செய்யவில்லை. ஒரு நாள் முழுக்க அணைத்துத் திறந்து வைத்தால் சில நாள்கள் சரியாக ஓடி, மீண்டும் அதே நிலைக்கு வரும். அப்படித் திரும்பி வருவதையும், எத்தனை நாளில் வந்தது என்பதையும் மெக்கானிக்கிடம் சொன்னால் அவர் எங்கே கை வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.